துப்பாக்கியை மறக்கிறவர்கள்

ராய்ஸ் தன் துப்பாக்கிப் பெட்டியைத் தொம்மென்று என் கவுன்டரில் வைத்தான்.

“குண்டு போடல. கெட்டிப் பெட்டி. பூட்டு என்னுது, சாவி என் பாக்கெட்ல. தோட்டா தனி டப்பாவுல. வேற ஏதாவது சட்டம் தெரியணுமா உனக்கு?”

நான் எதுவுமே கேட்கவில்லை. மான்டானாவில் பாதிப் பேர் இப்படிப் பெட்டியோடுதான் விமானம் ஏற வருகிறார்கள். வருஷக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கவுன்டரில் ஒரு பெண் நின்றால் இந்த ஆட்களுக்குப் பாடம் எடுத்தே ஆகவேண்டும்.

“குண்டு இல்லைன்னு உள்ள அட்டை வைக்கணும் சார், கொஞ்சம் திறங்க.”

“இது என்னோட உரிமை. அரசியல் சட்டத்துலயே இருக்கு, தெரியுமில்ல?”

இருக்கட்டுமே. யார் பிடுங்கினார்கள்?

“என் பொண்ணு சியாட்டில்ல எவனோ ஒருத்தன்கூடப் போய் உக்காந்திருக்கா. இழுத்துட்டு வரப்போறேன். அவன்கிட்ட மரியாதையாப் பேசிப் பாப்பேன்.” பெட்டியைத் தட்டிக் கண்ணடித்தான். “சும்மா, ஜோக்கு.”

நல்ல ஜோக்குதான். போக இரண்டு டிக்கெட், வர மூன்று. அந்தப் பெண்ணை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

போன மாதம் இப்படி ஒரு ஜோக்கைப் போலீஸிடம் சொன்னேன். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

குண்டு போட்டிருக்கிறதா என்று நான் கேட்கலாம். பூட்டியிருக்கிறதா என்று கேட்கலாம். யாருக்காகக் கொண்டுபோகிறாய் என்று கேட்க மட்டும் விதி கிடையாது. என்ன வெங்காய விதியோ!

பெட்டியைப் பெல்ட்டில் விட்டேன். வேறு என்ன செய்ய?

பக்கத்தில் அவன் மனைவி லோரீன். அவன் கைப்பையும் அவர் தோளில்தான். உரிமை பேசுகிறவருக்குப் பை தூக்க முடியாது போலும்.

“ராய்ஸ், இதையே கைப்பையில கொண்டுபோனா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “அடி மக்கு! மெஷின்ல மாட்டும். போலீஸ் வரும். கேள்வி கேப்பான், ஃபைன் போடுவான். அன்னைக்கு ஃப்ளைட் அம்போ. அதுக்குத்தான் கட்டில்கிட்ட ஒண்ணு, வண்டியில ஒண்ணு, பெட்டியில ஒண்ணுன்னு வச்சிருக்கேன். கைப்பையில வச்சு மறக்கிறவன் வடிகட்டின முட்டாள்.”

இந்த ஒன்றில் மட்டும் அவனும் நானும் ஒரே கட்சி. வாரம் தவறாமல் எவனாவது ஒருத்தன் மாட்டுகிறான். அத்தனை பேருக்கும் ஒரே பதில்: “மறந்துட்டேன்.” மறப்பதற்கு அதென்ன குடையா? கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

“கண்ணாடிய வண்டியில விட்டுட்டேன். சாவி குடு,” என்றார் லோரீன்.

“உன்னைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு!” திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டிச் சாவியை அவர் பக்கம் விட்டெறிந்தான். வரிசையில் நின்றவரிடம், தான் சுட்ட மானின் கொம்பு எவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

லோரீன் அதே பையோடு போனார், அதே பையோடு வந்தார்.

எங்கள் விமான நிலையம் சின்னது. என் கவுன்டரிலிருந்தே சோதனை மெஷின் தெரியும். ராய்ஸ் பையை வாங்கி, பெரிய மனுஷத் தோரணையில் பெல்ட்டில் வைத்தான்.

பெல்ட் நின்றது.

குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி. சாக்ஸுகளுக்கு அடியில்.

“நான் வைக்கல! அது வண்டியில இருந்தது! எனக்குச் சட்டம் தெரியும்!”

போலீஸ்காரர் டெல்பர்ட் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். “தெரிஞ்சுமா சார் வச்சீங்க?”

வரிசையே சிரித்தது. மான்கொம்புக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவரும் சிரித்தார். எனக்கும் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

“லோரீன்! சொல்லுடி இவங்ககிட்ட!”

எல்லோரும் லோரீனைப் பார்த்தார்கள்.

“இப்பல்லாம் இவருக்கு மறதி ஜாஸ்தி,” என்றார் டெல்பர்ட்டிடம். “நான் போகலாமில்லயா? பொண்ணு காத்துக்கிட்டிருப்பா.”

போகலாம் என்றார் டெல்பர்ட். லோரீன் போனார், நடையில் எந்த அவசரமும் இல்லாமல்.

விமானத்தில் ஏற்றவிருந்த அவன் பெட்டியை இறக்கச் சொல்லி நானே போன் போட்டேன். நான் இத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்து எவரும் பார்த்ததில்லை.

விமானம் கிளம்பியது. சியாட்டிலுக்கு அடுத்தது நாளைக்குத்தான். வண்டியிலேயே போய்விடுகிறேன் என்று கத்தினான் ராய்ஸ். பாக்கெட் பாக்கெட்டாகத் தடவினான். துப்பாக்கிப் பெட்டியின் சாவிதான் கிடைத்தது. வண்டிச் சாவி லோரீனோடு மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள். அம்மாவும் பெண்ணும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறெங்காவது கிளம்ப, தாராளமாகப் போதும்.

பிறகு டெல்பர்ட் என் கவுன்டருக்கு வந்தார். “அந்தம்மா இங்க நின்னப்ப ஏதாவது கவனிச்சியா?”

“ஒண்ணுமில்லயே,” என்றேன்.

சொல்ல மறந்துவிட்டேன். கண்ணாடி எடுக்க வண்டிக்குப் போனபோதே, லோரீனின் கண்ணாடி அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.