வாய் வரைந்த கல்

பூங்காவின் வாகை மரத்து வேரிடுக்கில் கிடந்த கல்லை நான்தான் முதலில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குழுவினர் கற்களில் படம் வரைந்து ஒளித்து வைப்பதும், மற்றவர்கள் தேடி எடுப்பதும் வழக்கம். இந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, கண்ணும் வாயும் வரைந்து இளிக்க விட்டிருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். நான் கல்லைத் திருப்பினேன். வண்ணம் படாத அடிப்பக்கத்தில் வெள்ளை ரேகை ஒன்று பிறைபோல வளைந்து ஓடியது. பிறந்த அன்றே இறந்த என் மகளை ஆற்றங்கரையில் புதைத்த இடத்தில், அடையாளத்துக்காக நான் வைத்த கல் அது.

“யாரு வரைஞ்சது?”

சுபத்ரா கையைத் தூக்கினாள். “நல்லாருக்காக்கா? ஆத்தோரமா கெடந்துச்சு. கண்டுபிடிச்சவங்கதான் திரும்ப ஒளிச்சு வைக்கணும், தெரியும்ல?”

“வைக்கிறேன். எடுத்த எடத்தக் காட்டு.”

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஆற்றங்கரைக்குப் போனேன். போன மழையில் வளர்ந்த புல் கரை முழுவதையும் ஒன்றாக்கியிருந்தது. ஒரு புதரருகே நின்று இங்கேதான் என்றாள். பிறகு சற்றுத் தள்ளிப் போய் நின்று, இங்கேயாகவும் இருக்கலாம் என்றாள்.

“ஒரு கல்லுதானக்கா, எங்க வெச்சா என்ன?”

“கால எடுடி!” என்று கத்தினேன்.

பயந்துபோய் ஓரடி பின்னால் வைத்தாள்.

“அங்கயும் வைக்காத!”