முனைவர் லிங்கராஜுக்கு நன்றி

மாலை வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கீபோர்டில் விழுகிறது. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன் ஒன்று கப்பலின் வயிற்றுக்குள் தலையை விட்டிருக்கிறது. சந்தனச்செல்வியின் கண் திரையை விட்டு நகரவில்லை. முத்துச்சிப்பியிலிருந்து அவள் பிரித்தெடுத்த என்சைமின் பதிவு அங்கே இருக்கிறது. உடம்பு புரதம் கட்டும்போது சரியான அமினோ அமிலத்தைப் பார்த்து, அதைச் சுமந்துபோகும் ஆர்.என்.ஏ.வில் ஏற்றிவிடுகிற என்சைம். சிப்பி ஓடு கிழித்த தழும்பு இன்னும் அவள் கட்டைவிரலில் சிவந்திருக்கிறது. உலகமே எடுத்துப் பார்க்கும் தரவுத்தளத்தில் அந்த என்சைமுக்கு வேறொன்றின் பெயரைப் போட்டு வைத்திருக்கிறார் ஆய்வகத் தலைவர் லிங்கராஜ் சார். இந்த ஆய்வகத்தில் யார் உழைத்தாலும் சாரின் கணக்கு வழியாக, சாரின் பெயரில்தான் ஏறும். “திருத்திருதேன் சார். பிரேசில்ல ஒருத்தரு இத நம்பி வேல பாக்காரு” என்று பக்கத்தில் நிற்கும் சாரிடம் சொல்கிறாள். “ஏளா, கெடக்கட்டும்னு சொல்லுதேம்லா? திருத்துனா தப்பு என்னோடதுன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்!” டீ கிளாஸை நங்கென்று மேஜையில் வைத்துவிட்டுச் சார் வெளியே போகிறார். தெறித்த டீ மவுஸில் வழிகிறது. அவள் துடைக்கவில்லை. காது மடல் கொதிக்கிறது, பல்லைக் கடித்த கடியில் தாடை வலிக்கிறது. சாரின் கணக்கு திறந்தே கிடக்கிறது. தப்பான பெயரை அழித்து, சரியான பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் குத்துகிறாள், மேஜையே ஆடுகிறது. அனுப்பும் பொத்தானை ஓங்கி அழுத்துகிறாள். திரையில் பச்சைக் கட்டம் ஒன்று எழுகிறது: ‘பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதற்கு நன்றி, முனைவர் லிங்கராஜ்.’