எட்டு கிலோ

"கீழ பாக்காதே மோளே, நேரா பாரு! பெடல் எங்கயும் ஓடிப்போயிடாது!"

கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடி வந்தாள் பொன்மணி. சுமா நேராகத்தான் பார்த்தாள். அப்படியே நேராகப் போய், மூடிக் கிடந்த சுக்கு குடோனின் ஷட்டரில் மோதி விழுந்தாள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஏழு மணிக்கெல்லாம் லாரிகள் வந்துவிடும். அதற்குள் படகுத்துறை வரை போய்த் திரும்ப வேண்டும். முப்பத்தாறு வயதில் முதன்முதலாகச் சைக்கிளைத் தொட்டவளுக்கு அது லேசுப்பட்ட காரியமா?

"போதும்க்கா. முட்டி ரெண்டும் போச்சு."

"போதும்னா அந்த எட்டு கிலோவை யாரு குறைப்பா, நானா?"

பொன்மணி பக்கத்து வீட்டுக்காரி. கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. சைக்கிளும் அவளுடையதுதான். சுமா எழுந்து மறுபடி ஏறினாள்.

சுமாவின் கணவன் அனூப்புக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. வேறு ஒருவரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால்தான் பிழைப்பான். சொந்தத்தில் ரத்தம் சேர்ந்தது சுமாவுக்கு மட்டும்தான். ஆனால் அவள் கல்லீரலில் கொழுப்பு.

"இரண்டு மாசம் டைம். எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க. தினமும் சைக்கிள் ஓட்டுங்க. குறையலேன்னா எடுக்க முடியாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் டாக்டர். ஒப்புதல் தாள்களில் சுமா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அனூப்தான் ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து படித்தான்.

அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அனூப் ஓட்ஸ் கஞ்சியை நீட்டினான். பலசரக்கு மொத்தக் கடை வேலையை விட்டு வீட்டோடு ஆனதிலிருந்து சமையல் அவன் பொறுப்பு. கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு வீக்கம், நின்றால் கால் நடுங்கும். ஆனாலும் அவளுடைய பத்தியச் சாப்பாட்டை வேறு யாரும் தொட விடமாட்டான்.

"எவ்ளோ தூரம் போனே?"

"படகுத்துறை வரைக்கும். மூணு தரம் விழுந்தேன் சேட்டா."

"நாளைக்குச் சுள்ளிக்கல் வரைக்கும் போய்ப் பாரு. சொட்டு விடாம குடிச்சிடு, ஓட்டத் தெம்பு வேணுமில்ல?"

முட்டியில் வழிந்த ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உயிருக்குப் பயந்து கிடப்பவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று அவளே தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஏழு வயது மகள் அம்மு அலமாரியிலிருந்த ஒரு டப்பாவை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.

"தொடாதே! அது அப்பாவோட மருந்துப் பொடி!" அனூப் போட்ட அதட்டலில் பிள்ளை அழுதேவிட்டாள்.

ஒரு மாதத்தில் சுமா விழாமல் ஓட்டப் பழகிவிட்டாள். சுள்ளிக்கல் போய்த் திரும்பினாள். சாயங்காலமும் ஒரு சுற்று போனாள். எழுபத்தெட்டு கிலோவாக இருந்தவள் எண்பது கிலோ ஆனாள்.

செய்தி கேட்டு அனூப்பின் தங்கை தன்யா இடக்கொச்சியிலிருந்து கிளம்பி வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"என் ரத்தம் சேரல அண்ணி. சேர்ந்திருந்தா நானே குடுத்திருப்பேன். உங்களுக்கு மனசில்லேன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க. இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னு எங்க அண்ணனைக் கொல்லாதீங்க!"

"அம்மு மேல சத்தியம் தன்யா. சேட்டன் வெச்சுக் குடுக்கறதைத் தவிர வெளியில ஒரு சாயா கூடக் குடிக்கல."

"அப்போ காத்தைக் குடிச்சா எடை ஏறுது?"

சுமா அனூப்பைப் பார்த்தாள். அவளுக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று காத்திருந்தாள். அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலித்ததில்லை.

கெடு முடிந்த அன்று டாக்டர் ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கொழுப்பு கூடியிருக்கு சுமா. இனி காத்திருந்தும் பிரயோஜனம் இல்ல. யார் கொடுக்க முன்வந்தாலும் அனூப்போட உடம்பு ஆபரேஷனைத் தாங்காது."

வீட்டுக்கு வந்தவள் சைக்கிளின் சீட்டில் முகத்தைப் புதைத்து அழுதாள். "நாந்தான் கொன்னுட்டேன்க்கா, என் உடம்புதான் கொன்னுடுச்சு" என்று அரற்றினாள். பொன்மணியால் அவளைத் தேற்ற முடியவில்லை.

உள்ளே அனூப் கண்ணை மூடிப் படுத்திருந்தான். இனி இருக்கும் நாள்களிலாவது தன் கையால் மருந்து கொடுப்போம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலமாரி டப்பாவை முதல்முறையாகத் திறந்தாள்.

முந்திரி வாசனை அடித்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். முந்திரிப் பொடி, பால் பவுடர், சர்க்கரை. இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் அவள் குடித்த கஞ்சியின் அதே ருசி.

டப்பாவோடு திரும்பினாள். அனூப் கண்ணைத் திறந்திருந்தான்.

"கையெழுத்துப் போட்டியே, அந்தத் தாள்ல உன் உயிருக்கும் ஆபத்துன்னு எழுதியிருந்துச்சு சுமா. அம்முவுக்கு நம்மள்ல ஒராளாவது வேணுமில்ல?"