குறுக்குத் தெருவுக்குப் பூட்டு

"ஏம்மா, ரோடு போடறவங்களைப் பார்த்திருக்கேன். இருக்கற ரோட்டை மூடறவங்களை இப்பதான் பார்க்கறேன்!"

போக்குவரத்து ஆபீசுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினார் ஆம்புலன்ஸ் டிரைவர். ஆஸ்பத்திரிக்குப் போகிற குறுக்குத் தெருவின் இரண்டு முனையிலும் காலையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். வைக்கச் சொன்னது எதிரே இருந்த பெண் இன்ஜினீயர்.

"உட்காருங்கண்ணே." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஊரின் தெருக்கள். அதில் எறும்புக் கூட்டம் மாதிரி புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு வண்டி. குறுக்குத் தெரு இருக்கேன்னு எல்லாரும் அதுக்குள்ளயே பாயறாங்க. நுழையற இடத்துல ஒரு நெரிசல், வெளியே வர்ற இடத்துல இன்னொண்ணு. அதுல ரெண்டு முனையிலயும் இருக்கற பெரிய ரோடும் மாட்டிக்குது. இப்ப தெருவை மூடறேன், பாருங்க."

சிக்கிக் கிடந்த புள்ளிகள் மளமளவென்று ஓட ஆரம்பித்தன.

"புள்ளி ஓடும்மா! புள்ளிக்கென்ன பிரசவ வலியா? என் வண்டியில வர்றது உசிரு!"

"அதனாலதான் மூடினேன். ஒரு வாரம் பாருங்க. சரியா வரலைன்னா நானே வந்து தடுப்பை எடுக்கறேன்."

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீடு அந்தத் தெருவுலதானாமே?"

அவள் முகம் சட்டென்று மாறியது. "ஆமாண்ணே."

"அப்படிப் போடு! வாசல்ல ஹாரன் சத்தம் இல்லாம தூங்கணும். அதுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு கணக்கு!"

அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாரக் கடைசியில், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு பறந்தார் டிரைவர். "குழந்தைக்கு நாடி இறங்குதுண்ணே, சீக்கிரம்!" என்று பின்னாலிருந்து நர்ஸ் பதறினாள்.

பழைய பழக்கத்தில் குறுக்குத் தெருப் பக்கம் திருப்பப் போய், தடுப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "இந்த உசிருக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், அந்தம்மாவைச் சும்மா விடமாட்டேன்!"

பெரிய ரோட்டில் ஏறினார். வண்டிகள் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தன. சைரன் கேட்டதும் விலகிக்கொள்ள அவற்றுக்கு இடமும் இருந்தது. பிரேக்கை மிதித்த ஞாபகமே இல்லை அவருக்கு.

"அண்ணே, அதுக்குள்ள ஆஸ்பத்திரி வந்துடுச்சா?" நர்ஸ் நம்பாமல் எட்டிப் பார்த்தாள்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவருக்கு. ஆனாலும் மனசுக்குள் ஒரு முள். "கணக்கு சரிதான். சாக்கோடு சாக்கா தன் வாசலையும் அமைதியாக்கிட்டாளே, கெட்டிக்காரி!"

மறுநாள் ஆம்புலன்ஸ் ஸ்டெப்னியில் காற்று இல்லை. அதை உருட்டிக்கொண்டு தடுப்பைத் தாண்டி, குறுக்குத் தெரு பஞ்சர் கடைக்குப் போனார். எப்போதும் வண்டிகள் மொய்க்கிற கடை. இப்போது ஈ, காக்கை இல்லை. துடைத்த ஸ்பேனரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார் பஞ்சர்காரர்.

"வாங்கண்ணே! தடுப்பு வெச்சப்புறம் உருண்டு வந்த முதல் சக்கரம் உங்களோடதுதான்!"

"சிரிக்கறியே! உன் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாளே அந்த இன்ஜினீயரம்மா. போய் நாலு கேள்வி கேட்டியா?"

"உஷ்... இதைக் கேளுங்க." பஞ்சர்காரர் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டினார்.

தூரத்தில், பெரிய ரோட்டில், ஒரு சைரன்.

"முன்னெல்லாம் இது என் கடை வாசல்லயே நின்னு கதறும். இப்ப நிக்காமப் போகுது பாருங்க!"

"அதுக்காக? உன் கடை?"

"கடையை வேற தெருவுல போட்டுக்கலாம்ணே. அவ ஊர்ல இருக்கற ஒவ்வொரு தெருவையும் கணக்குல மூடி மூடிப் பார்த்தா. கடைசியில நம்ம தெருதான்னு வந்ததும், சாப்பாட்டுத் தட்டை முன்னால வெச்சுக்கிட்டு அழுதுட்டா. 'நீ மூடும்மா, கடையை நான் பார்த்துக்கறேன்'னு நான்தான் சொன்னேன். என் பொண்டாட்டி கணக்கு தப்புமா?"