மூலைச் சுவர் வரும் வரை

"யோவ், எழுந்திருய்யா! அந்தப் பொண்ணு நோட்ட எடுத்துக்கினு வருது!"

பாப்பாத்தி பதறியும் அய்யனார் மேஸ்திரி அசையவில்லை. மரக்கட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்து, அவித்த மரவள்ளிக் கிழங்கின் தோலை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார்.

"வரட்டும். உக்காந்துக்கினு இருக்கறவன உக்காந்துக்கினு இருக்கான்னுதான எழுதும்? எழுதிக்கினு போவட்டும்."

கல்வராயன் மலையில் பள்ளிக்கூட விடுதி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் கிடையாது. தியாகதுருகம் பக்கத்தில் ஒரு கம்பெனி முழுச் சுவராகவே அச்சில் வார்த்து, லாரியில் மலையேற்றி அனுப்பும். கிரேன் தூக்கி நிறுத்தும். தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, சுவரும் சுவரும் சேரும் இடத்தில் கலவை அடைப்பது ரிஷிவந்தியத்து அய்யனாருக்கும் அவருடைய ஆட்கள் ஐந்து பேருக்கும் வேலை. அந்த ஐந்தில் அவர் பெண்டாட்டி பாப்பாத்தியும் ஒருத்தி.

இது வெள்ளோட்டம்தான். நல்லபடியாக முடிந்தால் மலையில் இன்னும் பன்னிரண்டு கட்டடம். இரண்டு வருஷத்துக்கு பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டாம்.

வெள்ளோட்டத்தைப் பார்க்க, சென்னையில் ஒரு காலேஜிலிருந்து தேவிப்ரியா வந்திருந்தாள். கம்பெனியும் காலேஜும் சேர்ந்து செய்கிற ஆராய்ச்சியாம். கழுத்தில் ஸ்டாப் வாட்ச், கையில் நோட்டு. வேலை நேரத்தில் யாரோடும் பேசமாட்டாள். வாட்சை அமுக்குவாள், எழுதுவாள், மறுபடி அமுக்குவாள்.

முதல் நாளே கம்பெனி எஞ்சினியர் சுபாஷ் ஆறு பேரையும் ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டான்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த நோட்டுதான் எல்லாம். அது எதிர்ல ஒருத்தரும் சும்மா உக்காராதீங்க. சுவரு வரலன்னாலும் எதையாச்சும் தூக்கிக்கினு நடங்க. இல்லன்னா அடுத்த வேலைக்கு வேற ஆளுங்க வந்துடுவாங்க."

நம்ம மேல் எவ்வளவு அக்கறை இந்தப் பிள்ளைக்கு என்று ஐந்து பேரும் உருகிப்போனார்கள். அய்யனார் உருகவில்லை. சத்தம் போட்டுத் திட்டுகிறவனை நம்பினாலும் நம்புவார், குரலைத் தாழ்த்திப் பேசுகிறவனை நம்பமாட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. ஐந்து பேரில் ஒருவனான தங்கதுரை ஒரே கடப்பாரையைக் கிழக்கேயிருந்து மேற்கே கொண்டுபோய், மறுபடி கிழக்கே கொண்டுவந்தான். பாப்பாத்தி கூட்டிய இடத்தையே கூட்டினாள். சுவர் வந்துவிட்டால் அரை மணியில் நிறுத்திப் பிடித்துவிடுகிற ஆட்கள், சுவர் வராத நேரத்தில்தான் வேர்த்து விறுவிறுத்துப் போனார்கள்.

சுவரோ பாதி நாள் வராது. மூலைச் சுவர் நின்றால்தான் பக்கத்துச் சுவரை நிறுத்த முடியும். லாரி ஜன்னல் சுவரை முதலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மூலைச் சுவருக்காக மறுபடி மலையிறங்கும். திரும்பி வர அரை நாள். அந்த அரை நாளும் அய்யனார் கட்டை மேல்தான்.

"உன் ஒருத்தனால ஆறு பேரு பொழப்பும் போவப் போவுது," பாப்பாத்தி துடைப்பத்தோடு வந்து நின்றாள். "நடந்தா காலு தேஞ்சிடுமா? பெங்களூரு தகரக் கொட்டாயில மறுபடியும் வந்து படுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"வேல இருந்தா செய்யறேன். இல்லாத வேலய எங்கடி போயி தேடறது? அந்தக் கடப்பாரைக்கு வாயிருந்தா தங்கதுரைய நாலு கேள்வி கேக்கும்."

பத்தடி தள்ளி நின்று தேவிப்ரியா வாட்சை அமுக்கினாள்.

"நல்லா எழுதிக்கம்மா!" அய்யனார் கிழங்கைக் கடித்தபடி குரல் கொடுத்தார். "மூலைச் சுவரு வரல, அய்யனாரு கிழங்கு தின்னுக்கினு கீறான்னு எழுது!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். சுபாஷ் எங்கிருந்தோ ஓடிவந்தான்.

"மேஸ்திரி, உங்க கால்ல வேணா வுழறேன். எழுந்து ஒரு நட நடங்க!"

"நான் உக்காந்தா உனக்கு ஏன் தம்பி இப்படி வேர்க்குது?"

கடைசிச் சுவர் நின்ற அன்று கம்பெனி முதலாளி காரில் வந்து இறங்கினார். அய்யனார் கட்டடத்தைச் சுற்றிவந்து நாலு மூலையிலும் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நிக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் வராது.

முதலாளி நோட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் கறுத்தது.

"இதுல அய்யனார் யாரு?"

பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அய்யனார் முன்னால் போய் நின்றார்.

"நான்தாங்க. உக்காந்துக்கினு இருந்ததும் நான்தான். அனுப்பறதா இருந்தா என்ன அனுப்புங்க. மத்தவங்க பாவம், பத்து நாளா நடந்துக்கினேதான் இருந்தாங்க."

"உங்கள ஏங்க அனுப்பணும்? பன்னெண்டு கட்டடத்துக்கும் நீங்க ஆறு பேருதான்."

மற்ற ஐந்து பேரும் முதலாளியைக் கும்பிட்டார்கள். அய்யனாருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. தேவிப்ரியா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நான் உக்காந்தத நீ எழுதலியா?"

"ஒரு நிமிஷம் விடாம எழுதினேங்க. நீங்க ஒருத்தர் உக்காந்ததாலதான் என் ஆராய்ச்சியே பொழச்சுது. நான் பாக்க வந்தது உங்க வேலைய இல்லீங்க, சுவர வரிசை மாத்தி அனுப்பி உங்கள எவ்வளவு நேரம் காக்க வைக்கிறாங்கன்னுதான்," என்றவள், சந்தேகமாக நிறுத்தினாள். "எந்தச் சுவர் எப்ப லாரில ஏறணும்னு எழுதிக் குடுக்கறது சுபாஷ் சார்தான்... வேலை இல்லாதப்ப எல்லாரும் தாராளமா உக்காருங்கன்னு முதல் நாளே அவர்கிட்டதான் சொல்லி அனுப்பினேன், உங்ககிட்ட சொல்லலியா?"