ஒரே ஒரு விசிட்டர்

"இந்த மூஞ்சிகளைப் போட்டா, வர்ற விசிட்டரும் வாசலோட திரும்பிடுவான்!"

முதலாளியம்மா லேப்டாப்பைத் தள்ளி வைத்தார். திரையில் அவருடைய துப்புரவு நிறுவனத்தின் பதினோரு ஊழியர்களும் வேனுக்கு முன்னால் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"நிஜமான ஆளுங்க படம் இருந்தாத்தான் மேடம், பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றாள் வெப்சைட் செய்து தரும் பெண்.

"எங்கேர்ந்து நம்பிக்கை வரும்? இவனுக்கு முன்பல்லே இல்ல. இவ கேமராவை விட்டுட்டு ஆகாசத்தைப் பாக்கறா. பெரியக்கா கையைப் பாரு, ப்ளீச்சிங் பவுடர்ல ஊறி ஊறி எப்படி ஆயிருக்கு! அதை வேற முன்னாடி கட்டிக்கிட்டு நிக்கறா."

பெரியக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம். முதலாளியம்மாவுக்குக்கூட அவள் பெரியக்காதான். 'அக்கா' என்பது பாசத்துக்கு. கூடவே வரும் 'வா, போ' சம்பளத்துக்கு. படம் எடுத்த அன்று யூனிஃபார்மை இஸ்திரி போட்டு, யாரிடமோ தோடு இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முந்தி வந்து நின்றவள் அவள்.

கடைசியில் இணையத்தில் காசு கொடுத்து ஐந்து அழகான முகங்களை வாங்கினார்கள். ஐந்தும் பல் தெரியச் சிரித்தன. அதில் ஒருத்தி துடைப்பத்தை வீணை மாதிரி பிடித்திருந்தாள். ஜென்மத்தில் ஒரு தரையைக்கூடப் பெருக்காத கை அது. முதலாளியம்மாவுக்கு அவளைத்தான் ரொம்பப் பிடித்தது.

பக்கத்துக்குத் தலைப்பு அவரே சொந்தமாக யோசித்தார். 'எங்கள் குடும்பம்.' அதன் கீழே ஒரு வரி: 'இவர்கள் ஊழியர்கள் அல்ல, எங்கள் சொந்தங்கள்.'

சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

முப்பது நாள் கழித்து அந்தப் பெண் விவரங்களோடு வந்தாள்.

"முதல் பக்கத்துக்கு நாப்பது பேர் வந்திருக்காங்க மேடம். அஞ்சு செகண்ட்ல ஓடிட்டாங்க. ஆனா 'எங்கள் குடும்பம்' பக்கத்தை மட்டும் அறுபது தடவை பாத்திருக்காங்க."

"பாத்தியா! முகலட்சணம்னா சும்மாவா? நான் அன்னிக்கே சொன்னேன்."

"அறுபது பேர் இல்ல மேடம். ஒரே ஆள். காலையில ஏழரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு தடவை. ஒரு நாள் தப்பல. பக்கத்தோட கடைசி வரைக்கும் மெதுவாப் போய்ப் பாத்துட்டுத்தான் மூடறாங்க. ஆனா நம்ம ஃபோன் நம்பரை மட்டும் தொடவே இல்ல."

"எந்த ஊரு?"

சொன்னாள். பஸ்ஸில் எட்டு மணி நேரம் போக வேண்டிய ஊர்.

முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரோ பெரிய ஹோட்டல்காரர்! கான்ட்ராக்ட் குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்களை நோட்டம் விடறார்!"

மனசுக்குள் அந்த ஊரில் கிளை திறந்து, ரிப்பன் வெட்டி, படமும் எடுத்தாயிற்று. அந்தப் படத்திலும் ஊழியர்கள் யாரும் இல்லை.

"பெரியக்கா, இங்க வா! அது உன் ஊருதானே? அங்க பெரிய ஹோட்டல் எது இருக்கு?"

வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்த பெரியக்கா விழித்தாள். "ஹோட்டலா? பஸ் ஸ்டாண்டுல ஒரு டீக்கடை இருக்கும்மா. அதுவும் பாதி நாள் பூட்டித்தான் கெடக்கும்."

"பின்ன யாரு அங்கேர்ந்து தினம் ரெண்டு வேளை நம்ம வெப்சைட்டைப் பாக்கறது?"

பெரியக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"பாக்கக் கூடாதுங்களாம்மா? மன்னிச்சுக்குங்க. என் மகதான். அங்க சித்தி வீட்ல இருந்து படிக்கறா. ஸ்கூலுக்குப் போற முன்னாடி ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை சித்தி ஃபோனை வாங்கிப் பாப்பா. லீவு நாள்லயும் அதே நேரத்துக்குப் பாத்துடுவா. எங்களைப் படம் எடுத்தாங்கன்னு நான்தான் ஆசையில சொல்லித் தொலைச்சிட்டேன்."

வெப்சைட் பெண் லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உங்களை விட்டுக்குடுக்கலம்மா" என்றாள் பெரியக்கா அவசரமாக. "'முதலாளியம்மா நல்ல படமாத் தேடிக்கிட்டிருக்காங்க, அதான் லேட்டாகுது'ன்னு சொல்லி வச்சிருக்கேன். சின்னப் பொண்ணு, விடமாட்டேங்கறா. 'குடும்பத்துல எல்லாரும் வந்துட்டாங்க, நீ மட்டும் எப்பம்மா வருவே?'ன்னு தினம் கேக்கறா."