கிலும்பியின் பூர்வீகம்

"இந்தக் கிலும்பியை எடுத்துடுங்க" என்று தலைவர் சொன்னதும் பிழை திருத்துகிறவள் பேனாவை மூடி வைத்தாள்.

அவள் பேனாவை மூடினால் சண்டை நிச்சயம். எஸ்பெராண்டோ சங்கத்து அகராதிக் குழுவின் மற்ற மூவரும் டீக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

எஸ்பெராண்டோ, பல மொழிகளிலிருந்து சொற்களைப் பொறுக்கிக் கட்டிய மொழி. அதனால் அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது எங்கிருந்து வந்தது என்று எழுத ஒரு கட்டம். குலம் கோத்திரம் தெரியாத சொல்லை உள்ளே விடமாட்டார்கள்.

கிலும்பி என்றால், 'போறேன், போறேன்' என்று சொல்லிக்கொண்டே வாசலைவிட்டு நகராமல் நிற்பது. சங்கத்தில் முப்பது வருஷமாகப் புழங்குகிற சொல். செயலாளர் வாராவாரம் அதைச் செய்தும் காட்டுகிறார்.

"லத்தீன்ல இல்ல, ஜெர்மன்ல இல்ல, ரஷ்ய மொழியிலயும் இல்ல. அநாதைச் சொல்லும்மா" என்றார் தலைவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அநாதையா? அப்ப அட்டையில இருக்கிற என் பேரையும் சேர்த்து எடுத்துடுங்க. பதினாலு வருஷமா உங்க கமாவைப் பொறுக்கினது போதும்."

மூவருக்கும் டீ புரையேறியது. அவள் இல்லாமல் அச்சுக்குப் போனால் அந்த அகராதிக்கே ஓர் அகராதி போடவேண்டி வரும்.

அவள் தாளை இழுத்தாள். பேனாவைத் திறந்தாள். காலிக் கட்டத்தில் எழுதினாள். எழுத்து கட்டத்தை மீறிப் பக்கத்துச் சொல்லின் வீட்டுக்குள்ளும் புகுந்தது.

'மூலம்: ஒரு குழந்தை. வயது நான்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாக வீட்டைவிட்டுக் கிளம்பிய அப்பா, ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றபோது, அவர் காலைக் கட்டிக்கொண்டு சொன்னது.'

"குழந்தையெல்லாம் மூலமா?" என்று செயலாளர் சிரித்தார். துணைக்கு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவள் தாளைத் தலைவர் முன்னால் தள்ளினாள். "இதுல கை வைங்க, பார்க்கலாம்."

தலைவர் படித்தார். மறுபடியும் படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

தாளைப் பிடுங்க அவள் கை எழுந்தது.

அவர் அடித்தது ஒரே ஒரு சொல்லை. 'நான்கு'.

"அன்னிக்கு அவளுக்கு நாலு ஆகல" என்றார். "மூணே முக்கால்."